முதலில் ஆள், பிறகு வின்ச்

1960 ஜூன் 11 அன்று இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்திலிருந்து நியூயார்க்கை நோக்கி ஒரு பாய்மரப் படகுப் பந்தயம் கிளம்பியது. படகுக்கு ஒரே ஆள். அவர் தனியாக அட்லாண்டிக்கைக் கடக்க வேண்டும். பிரான்சிஸ் சிச்செஸ்டர் ஏறத்தாழ 40 அடி நீளப் படகில் 40 நாளில் போய்ச் சேர்ந்து வென்றார். 48 நாளில் இரண்டாவதாக வந்தவர் பிளாண்டி ஹாஸ்லர். இந்தப் பந்தய யோசனையைக் கிளப்பியவரே அவர்தான். அவருடைய 'ஜெஸ்டர்' 25 அடிப் படகு.

ஜெஸ்டரைப் பார்த்தவர்கள் அதன் பாயைத்தான் முதலில் கவனித்தார்கள். ஐரோப்பியப் படகில் சீனப் பாணியில், குறுக்குக் கம்புகள் வைத்த ஒற்றைப் பாய். எனக்கு அதைவிடப் பெரிய விஷயமாகத் தெரிவது வேறு. ஆள் உட்கார்ந்து படகு ஓட்டும் பள்ளமான காக்பிட்டை ஹாஸ்லர் மூடிவிட்டார். தளத்தின் நடுவில் ஓர் ஆள் இடுப்பளவு வெளியே வந்து நிற்கும்படி ஒரு திறப்பு மட்டும் வைத்தார். பாயை ஏற்றும் கயிறு, இறக்கும் கயிறு, இழுத்துப் பிடிக்கும் கயிறு எல்லாம் அந்தத் திறப்புக்கே வந்து சேர்ந்தன. அலை அடிக்கும் தளத்தில் ஏறி நடக்க வேண்டிய தேவையே ஏறக்குறைய இல்லாமல் போனது. ஆள் எங்கே இருப்பார் என்பதை அவர் முதலில் தீர்மானித்தார். கயிறுகள் அதற்குப் பிறகுதான் வந்தன.

சின்னப் பாய்மரப் படகில் வின்ச், அதாவது கயிற்றை டிரம்மில் சுற்றிக் கைப்பிடியால் இழுக்கும் கருவி, பொருத்துகிறவர்கள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகத்தான் செய்கிறார்கள். சமமான இடம் எங்கே இருக்கிறது, பழைய துளை எங்கே இருக்கிறது, பக்கத்துப் படகில் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து வைத்துவிட்டு, பிறகு உடம்பை அதற்குத் தக்கபடி வளைக்கிறார்கள். வின்ச்சின் விலையில் பாதி இதிலேயே வீணாகிவிடுகிறது. ஏன் என்று புரிய, அந்தக் கருவி என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

அதற்கு ஜெஸ்டரையே அளவாக எடுத்துக்கொள்ளலாம். அதன் உடல் 'ஃபோக்போட்' என்ற வகையைச் சேர்ந்தது. சாதாரண மனிதர்கள் வாங்கக்கூடிய ஒரு நல்ல கடல் படகு வேண்டும் என்று ஸ்காண்டிநேவியாவில் ஒரு வடிவமைப்புப் போட்டி நடத்தி, வந்தவற்றின் நல்ல அம்சங்களைச் சேர்த்து டோர்ட் சுண்டேன் வரைந்த படகு அது. 1942இல் முதல் படகு சுவீடனில் நீரில் இறங்கியது. நீளம் 7.68 மீட்டர், அகலம் 2.20 மீட்டர், எடை ஏறத்தாழ 1,930 கிலோ, மொத்தப் பாய்ப் பரப்பு 24 சதுர மீட்டர். இன்றைக்கும் ஓடுகிற படகு. வின்ச் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான அளவு கிடையாது: கையாலேயே எல்லாவற்றையும் இழுத்துவிடவும் முடியாது, மோட்டார் வைக்கிற அளவுக்குப் பெரியதும் இல்லை.

பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றை ஷீட் என்பார்கள். அதில் எவ்வளவு பளு வரும்? வின்ச் தயாரிப்பவர்கள் ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள். பாயின் பரப்பைச் சதுர மீட்டரில் எடுத்து, காற்றின் வேகத்தை நாட் அளவில் (மணிக்கு எத்தனை கடல் மைல்) எடுத்து அதை வர்க்கமாக்கி, இரண்டையும் பெருக்கி, 0.021ஆல் மறுபடி பெருக்கினால் கிலோ கணக்கில் பளு கிடைக்கும். 20 சதுர மீட்டர் முன்பாய் என்று வைத்துக்கொள்வோம். 12 நாட் காற்றில் 60 கிலோ. 18 நாட்டில் 136 கிலோ. காற்று ஒன்றரை மடங்குதான் ஆனது. பளு இரண்டே கால் மடங்கு ஆகிவிட்டது. 25 நாட் அடித்தால், பாயைச் சுருக்காமல் விட்டால், 260 கிலோவைத் தாண்டும். பழைய ஃபோக்போட்டின் முன்பாய் ஏறத்தாழ 7 சதுர மீட்டர்தான். 18 நாட்டிலும் அதில் 50 கிலோவுக்குள்தான் வரும். பின்னாளில் உல்லாசப் பயணத்துக்காகப் பெரிய முன்பாய் போட்டவர்களுக்குத்தான் பெரிய வின்ச் தேவைப்பட்டது.

டோக்கியோ ஒலிம்பிக்கில் சென்னை வீராங்கனை நேத்ரா குமணன் ஓட்டிய லேசர் ரேடியல் படகில் வின்ச்சே கிடையாது. அதன் ஒரே பாய் 5.76 சதுர மீட்டர். கயிற்றைச் சில கப்பிகளில் சுற்றிவிட்டால் கைக்கு அடங்கிவிடும். நம் ஊர்க் கடற்கரைகளில் பாய்மரப் படகு கற்றுக்கொள்கிறவர்கள் இப்படிப்பட்ட படகுகளில்தான் தொடங்குகிறார்கள். அதனால் முதல்முறையாக ஒரு 25 அடிப் படகில் ஏறும்போது அந்தக் கயிற்றின் இறுக்கம் அவர்களுக்குப் புதிதாக இருக்கும்.

வின்ச்சில் இரண்டு தனித்தனி அறிவியல் தத்துவங்கள் வேலை செய்கின்றன. முதலாவது உராய்வு. முரட்டு மாட்டைப் பிடித்திருப்பவர் கயிற்றைத் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால் இரண்டு விரலில் நிறுத்திவிடலாம் அல்லவா, டிரம்மில் நடப்பதும் அதுவே. இதற்கான சூத்திரத்தை 18ஆம் நூற்றாண்டில் லியோனார்டு ஆய்லர் தந்தார். ஒவ்வொரு சுற்றும் பிடிமானத்தைக் கூட்டுவதில்லை, பெருக்குகிறது என்பதுதான் அதன் சாரம். உராய்வுக் கெழு 0.2 என்று கொண்டால் ஒரு சுற்றுக்கு மூன்றரை மடங்கு, இரண்டு சுற்றுக்கு 12 மடங்கு, மூன்று சுற்றுக்கு 43 மடங்கு. 136 கிலோ இழுக்கும் கயிற்றை, டிரம்மில் மூன்று சுற்று இருந்தால், கையில் மூன்று கிலோவுக்குச் சற்று மேலான பிடியில் நிறுத்தலாம். இந்தக் கணக்கில் டிரம்மின் பருமனுக்கு இடமே இல்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். சுற்றின் கோணம் ஒன்றுதான் கணக்கு.

இரண்டாவது நெம்புகோல். வழக்கமான கைப்பிடி 10 அங்குலம், அதாவது 254 மில்லிமீட்டர். சின்ன வின்ச்சின் டிரம் ஆரம் 32 மில்லிமீட்டர் என்று வைத்தால், பல்சக்கரம் எதுவும் இல்லாமலேயே எட்டு மடங்கு பலம் வருகிறது. 136 கிலோவுக்கு 17 கிலோ தள்ளல். உள்ளே உராய்வில் போவதையும் சேர்த்தால் 20 கிலோவைத் தாண்டும். இந்தப் பலம் சும்மா வருவதில்லை. கைப்பிடி ஒரு முழு வட்டம் வர, கை 1.6 மீட்டர் தூரம் பயணம் செய்கிறது. கயிறு வருவது 20 சென்டிமீட்டர். வின்ச்சின் மேல் போட்டிருக்கும் 8, 16 போன்ற எண்கள் பெரும்பாலும் இந்தப் பலமடங்கைத்தான் குறிக்கின்றன. எட்டு அங்குலக் கைப்பிடி போட்டால் எட்டு மடங்கு ஆறரைக்கும் கீழே குறைந்துவிடும். இடம் போதவில்லை என்று குட்டைக் கைப்பிடிக்குப் போகிறவர் தன் வின்ச்சில் ஐந்தில் ஒரு பங்கை அறுத்து எறிகிறார் என்று பொருள்.

இங்கேதான் இடம் என்ற கேள்வி நுழைகிறது. கடை அட்டவணையில் போட்டிருக்கும் எட்டு மடங்கு, கைப்பிடி முழு வட்டம் சுற்றினால், தள்ளுகிறவர் அந்த வட்டம் முழுக்க 20 கிலோ பலம் கொடுக்க முடிந்தால்தான் கிடைக்கும். கைப்பிடிக்கு 254 மில்லிமீட்டர், அதைப் பிடித்திருக்கும் கை முட்டிக்கு ஒரு 5 சென்டிமீட்டர். ஆக, டிரம்மின் நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் 30 சென்டிமீட்டருக்குத் தடை இருக்கக்கூடாது. ஏழரை மீட்டர்ப் படகில் இப்படி 60 சென்டிமீட்டர் விட்டத்துக்கு ஒரு வெற்று வட்டம் கிடைப்பது எளிதில்லை. ஒரு பக்கம் விளிம்புக் கம்பி, இன்னொரு பக்கம் கேபின் சுவர், மேலே மழை மறைப்புத் துணி, பின்னால் சுக்கான் கட்டை அசையும் வீச்சு. முன்னும் பின்னுமாகக் கால் வட்டம் கால் வட்டமாக ஆட்டியும் இழுக்கலாம், டிரம்மைப் பின்னால் சுழலவிடாத ராட்செட் பிடித்துக்கொள்ளும். ஆனால் அவசரத்தில் அது இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். படகைத் திருப்பும்போது இருப்பதோ சில நொடிகள்.

உடம்பின் உயரம் அதைவிட முக்கியம். கைப்பிடி மார்புக்குக் கீழே, ஆள் மேலிருந்து குனிந்து இருக்கும்படி இருந்தால் தோளும் முதுகும் இடுப்பும் சேர்ந்து தள்ளும். கைப்பிடி தோளுக்கு நேராகவோ, பக்கவாட்டில் நீட்டிய கைக்கு எட்டும் தூரத்திலோ இருந்தால் புஜத் தசை மட்டுமே வேலை செய்யும். அதே ஆள், அதே வின்ச். தள்ளும் பலம் வெகுவாகக் குறைந்துவிடும். பெரிய வின்ச் வாங்கினால் சரியாகிவிடும் என்று பலர் அடுத்த எண்ணுக்குப் போகிறார்கள். பத்து சென்டிமீட்டர் நகர்த்தியிருந்தால் போதும் என்ற இடங்கள் எத்தனையோ.

இத்தோடு படகு சாய்ந்திருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். காற்றை எதிர்த்து ஓடும்போது 20 பாகைச் சாய்வு சாதாரணம். பளு தாங்கும் ஷீட் எப்போதும் சாய்ந்த பக்கத்தில், தண்ணீருக்கு அருகில் இருக்கும். ஆளோ எதிர்ப்பக்கம், உயரத்தில் உட்கார்ந்திருப்பார். அவர் எடையும் அங்கேதான் தேவை. அவர் கீழே இறங்கி வின்ச்சைச் சுற்றினால் படகு இன்னும் கொஞ்சம் சாயும். 75 கிலோ ஆள் என்பது ஃபோக்போட்டின் எடையில் நூற்றுக்கு நான்கு பங்கு. அதனால்தான் சிலர் சாய்ந்த பக்கத்து ஷீட்டைக் காக்பிட்டுக்குக் குறுக்கே கொண்டுவந்து, மேல் பக்கத்து வின்ச்சில் சுற்றுகிறார்கள். நல்ல வழிதான். ஆனால் வின்ச்சுகள் இரண்டும் குறுக்கே வரும் கயிற்றையும் சரியான கோணத்தில் ஏற்கும்படி இருந்தால்தான் அது நடக்கும். அதை முதலிலேயே யோசித்திருக்க வேண்டும்.

கோணம் என்றதும் வின்ச்சின் மிக மோசமான குணத்துக்கு வந்துவிட்டோம்.

கயிறு டிரம்மின் அடியில் நுழைந்து, சுற்றச் சுற்ற மேலே ஏறி, மேல் விளிம்பில் கழன்று கைக்கு வர வேண்டும். இதற்கு, வரும் கயிறு டிரம்மைவிடச் சற்றுத் தாழ்ந்த இடத்திலிருந்து மேல்நோக்கி வர வேண்டும். டிரம்மின் அச்சுக்குச் செங்குத்தான தளத்திலிருந்து 5 முதல் 10 பாகை கீழே என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. வின்ச்சுக்கு முன்னால் கயிறு கடந்துவரும் கடைசிக் கப்பி ஒரு மீட்டர் தொலைவில் இருந்தால், 8 பாகைக்கு அது 14 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். அரை மீட்டரில் இருந்தால் 7 சென்டிமீட்டர். கயிறு இதற்கு மாறாக மட்டமாகவோ மேலிருந்து கீழாகவோ வந்தால், புதிதாக நுழையும் சுற்று பழைய சுற்றின் மேல் ஏறிவிடும். மேலே ஏறிய சுற்றுக்குத்தான் முழுப் பளுவும்; அது கீழே இருக்கும் சுற்றை டிரம்மோடு சேர்த்து நசுக்கிப் பூட்டிவிடும். அதன்பின் கயிற்றை இழுக்கவும் முடியாது, விடவும் முடியாது. விட முடியாததுதான் ஆபத்து.

நடப்பதை ஒருமுறை பக்கத்திலிருந்து பாருங்கள். படகைக் காற்றுக்குக் குறுக்கே திருப்புகிறீர்கள். பழைய பக்கத்து ஷீட்டை அவிழ்க்கக் கையைக் கொண்டுபோகிறீர்கள். மூன்று சுற்றில் அடிச் சுற்று நடுச் சுற்றின் மேலேறிப் பூட்டியிருக்கிறது. படகின் முகம் காற்றைக் கடந்துவிட்டது. முன்பாய் பழைய பக்கத்திலேயே பிடிபட்டு, எதிர்ப்புறமிருந்து காற்றை வாங்கி, படகின் முகத்தைத் தள்ளுகிறது. வேகம் நின்றுவிடுகிறது; சுக்கானுக்குப் பிடிப்பு இல்லை. ஒரு துணைக் கயிற்றை ஷீட்டில் முடிச்சுப் போட்டு, இன்னொரு வின்ச்சுக்குக் கொண்டுபோய் அந்தப் பளுவை வாங்கினால்தான் டிரம்மில் பூட்டிய சுற்று தளரும். திறந்த கடலில் இது எரிச்சல். துறைமுக வாயிலில், பக்கத்தில் கல் அணை இருக்கும்போது, படகையே இழக்கும் விஷயம். தொடக்கத்திலேயே நாலைந்து சுற்றுப் போட்டுவிட்டால் தளர்ந்த கயிற்றிலும் இப்படி ஏறிக்கொள்ளும். எனவே முதலில் இரண்டு சுற்று, பளு ஏறிய பிறகு மூன்றாவது, நான்காவது என்பது பழகியவர்கள் வழக்கம். ஆனால் பழக்கம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் தவறான கோணத்தை ஈடுசெய்யாது.

காக்பிட்டைச் சுற்றியிருக்கும் விளிம்புச் சுவரின் மேல்பகுதி பெரும்பாலும் சரிவாக இருக்கும். அதன்மேல் நேரடியாக வின்ச்சை வைத்தால் டிரம் சாய்ந்து நிற்கும். அது எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் பொறுத்துக் கோணம் கூடும் அல்லது கெடும். ஆப்பு வடிவத்தில் மரத்தையோ பிளாஸ்டிக் கட்டையையோ செதுக்கி அடியில் கொடுத்துச் சரிசெய்வார்கள். அந்த ஆப்பைச் செதுக்கும் முன் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஷீட் வரும் கப்பி ஒரே இடத்தில் நிற்பதில்லை. பெரிய பாய் போட்டால் பின்னால் நகரும், சின்னப் பாய்க்கு முன்னால் போகும். இரண்டு கடைசி நிலைகளிலும் கயிறு கீழிருந்துதான் வர வேண்டும். பின்னால் நகர்ந்த கப்பி வின்ச்சுக்கு மிக அருகில் வந்துவிட்டால் கோணம் செங்குத்தாகி, கயிறு டிரம்மின் அடி விளிம்பை உரசத் தொடங்கும்.

இடமும் வலமும் கண்ணாடிப் பிம்பங்கள் அல்ல என்பது பலரும் துளை போட்ட பிறகே கண்டுபிடிக்கும் உண்மை. வழக்கமான வின்ச் எல்லாம், மேலிருந்து பார்த்தால், கடிகார முள் திசையில்தான் சுழலும். கயிறு படகின் முன்புறத்திலிருந்து வருகிறது. கடிகாரத் திசையில் சுழலும் டிரம்மில் முன்னிருந்து பின்னோக்கிப் போவது வலது ஓரம். எனவே இரண்டு வின்ச்சிலும் கயிறு டிரம்மின் வலது ஓரத்தில்தான் நுழையும். படகின் வலப்புற வின்ச்சுக்கு அந்த வலது ஓரம் என்பது கடலைப் பார்த்த ஓரம். இடப்புற வின்ச்சுக்கோ காக்பிட்டைப் பார்த்த ஓரம். இடப்புறம் அளந்து வைத்துவிட்டு வலப்புறம் அப்படியே பிரதி எடுத்தால், கயிறு ஒரு டிரம்மின் விட்டம் அளவு தள்ளிப்போய் விளிம்புக் கம்பியின் தாங்கிலோ சுவர் விளிம்பிலோ உரசலாம். சுற்றி முடிந்து வெளிவரும் நுனிக்கும் இதே வேறுபாடு உண்டு. அதைக் கட்டும் கிளீட்டையும் இரு பக்கத்துக்கும் தனித்தனியாகத்தான் அளக்க வேண்டும்.

கயிறு வரும் திசை உடம்புக்கு ஒத்துவரவில்லை என்றால், இன்னொரு கப்பி போட்டுத் திருப்பிவிடலாமே என்று தோன்றும். செய்யலாம்; விலை உண்டு. கயிற்றை 90 பாகை திருப்பும் கப்பியின் மேல், கயிற்றின் பளுவைப் போல 1.4 மடங்கு விழும். முழுதாகத் திருப்பி வந்த வழியே அனுப்பினால் இரு மடங்கு. நம் 136 கிலோ அங்கே 272 ஆகிறது. அந்தக் கப்பியின் அடியில் இருக்கும் தளம் அதைத் தாங்க வேண்டும். உராய்வில் போகும் பங்கு தனி. இருந்தாலும் நான் தனியாள் படகில் இந்த விலையைக் கொடுக்கச் சொல்வேன். உரசலில் போகும் சில கிலோவைக் கை தாங்கும். எட்டாத வின்ச்சை எதுவும் ஈடுசெய்யாது.

அப்படியென்றால் எங்கே? ஃபோக்போட் போல, சுக்கான் கட்டையைக் கையில் பிடித்து ஓட்டும் படகில் இரண்டு பேர் போவார்கள் என்றால் வின்ச்சைக் காக்பிட்டின் முன்பாதியில் வைக்கலாம். ஒருவர் ஓட்டுவார், ஒருவர் அங்கே நின்று சுற்றுவார். எடையும் படகின் நடுப்பக்கம் இருக்கும். தனியாகப் போகிறவருக்கு அதே இடம் தண்டனை. வின்ச்சை எட்டச் சுக்கானை விட வேண்டும். விட்டால், படகைத் திருப்பும் அந்தச் சில நொடியில், படகு தன் போக்கில் போகும். அவருக்கு வின்ச் தான் உட்காரும் இடத்துக்குச் சற்றே முன்னால், கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். சுக்கான் கட்டையை இரண்டு தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, இரு கைகளும் வின்ச்சில் இருக்கும்படி. ரொம்பப் பின்னால் தள்ளினால் ஆளின் எடை பின்முனையை அமுக்கும். கைப்பிடியும் சுக்கான் கட்டையும் முட்டிக்கொள்ளும். கேபின் கூரையின் பின்விளிம்பில் வைப்பது இன்று பல புதுப் படகுகளில் வழக்கம். சின்ன முன்பாயும் கூட ஓர் ஆளும் இருந்தால் அது நன்றாகவே வேலை செய்கிறது. மழை மறைப்பு கட்டிய தனியாள் படகில் அதை நான் ஏற்கமாட்டேன்.

கயிற்றைத் தானே பற்றிக்கொள்ளும் பல்வாய் வைத்த வின்ச் கிடைத்தால் தனியாளுக்கு அந்தச் செலவு தகும். சாதாரண வின்ச்சில் ஒரு கை சுற்ற, மறுகை நுனியை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சுக்கானுக்குக் கையே மிஞ்சாது. பல்வாய் இருந்தால் ஒரு கை மிஞ்சும். கயிற்றை வெளியே தள்ளும் அதன் கொக்கி காக்பிட்டின் உட்புறம் பார்த்து இருக்கும்படி திருப்பி வையுங்கள். கடல் பக்கம் பார்த்தால் நுனி தண்ணீருக்குள் போகும்.

பாயை ஏற்றும் ஹாலியார்ட், நம் கடற்கரைக்காரர்கள் ஆஞ்சான் என்பது, வேறு கதை. அதற்கான வின்ச்சைப் பாய்மரத்திலேயே வைக்கலாம், அல்லது கயிற்றைப் பாய்மரத்தின் அடியில் திருப்பிக் கேபின் கூரைமேல் ஓட்டிக் காக்பிட்டுக்குக் கொண்டுவரலாம். காக்பிட்டை விட்டு எழ வேண்டாம் என்பதால் பின்னது பாதுகாப்பு என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது பாதி உண்மைதான். பாயைச் சுருக்க எப்படியும் பாய்மரத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்ற ஏற்பாடு உள்ள படகில், ஹாலியார்டை மட்டும் பின்னால் கொண்டுவந்தால் ஆள் இரண்டு இடத்துக்கும் மாறிமாறி ஓட வேண்டியிருக்கும். அலையில் அதுதான் அதிக ஆபத்து. சுருக்கும் கயிறுகள் எல்லாம் சேர்ந்து பின்னால் வரட்டும். இல்லையென்றால் எல்லாம் பாய்மரத்திலேயே இருக்கட்டும். பின்னால் கொண்டுவருகிறவர்கள் பாய்மரத்தின் அடியில் இருக்கும் கப்பியை வெறும் தளத்தில் திருகக்கூடாது. அங்கே கயிறு தளத்தை மேல்நோக்கித் தூக்குகிறது. அந்தக் கப்பி பாய்மரத்தின் காலோடு சேர்ந்திருக்க வேண்டும்.

இனி துளை. வின்ச்சை வெறுமனே முன்னால் இழுக்கும் பளு மட்டும் அதன் அடிக்கு வருவதில்லை. கயிறு தளத்திலிருந்து ஏழு சென்டிமீட்டர் உயரத்தில் பிடித்து இழுக்கிறது. வின்ச் முன்பக்கமாகக் கவிழப் பார்க்கிறது. அடிப்பாகம் பத்து சென்டிமீட்டர் அகலம் என்றால், 136 கிலோ பளுவுக்குப் பின்பக்கத்துப் போல்ட்டுகள் நூறு கிலோவுக்குப் பக்கத்தில் மேல்நோக்கி இழுபடுகின்றன. காற்று திடீரென்று ஓங்கினால் அது இரட்டிப்பாகும். மர ஸ்குரூ இதற்கு ஆகவே ஆகாது. ஊடுருவிப் போகும் போல்ட்டும், அடியில் வாஷரைவிடப் பல மடங்கு பெரிய உலோகத் தகடும் வேண்டும். ஃபைபர் படகுகளின் தளம் பெரும்பாலும் இரண்டு மெல்லிய ஓடுகளுக்கு நடுவில் பால்சா மரமோ நுரையோ வைத்தது. போல்ட்டை முறுக்கினால் அந்த நடுப்பகுதி நசுங்கும். நசுங்கினால் தண்ணீர் புகும். புகுந்த தண்ணீர் மரத்தை மக்கவைத்துக்கொண்டே போகும், மேலே எதுவும் தெரியாது. போல்ட்டைவிடப் பெரிய துளை போட்டு, சுற்றிலும் உள்ள நடுப்பொருளைச் சுரண்டி எடுத்து, கெட்டியான எப்பாக்ஸி நிரப்பி, அது இறுகிய பிறகு சரியான அளவில் மறுபடி துளையிடுவதுதான் முறை. ஒருநாள் வேலை கூடும். அதைத் தவிர்த்ததால் தளமே மாற்ற வேண்டிவந்த படகுகள் நிறைய.

அடியில் என்ன இருக்கிறது, நட்டு முறுக்கக் கை போகுமா என்பதைத் துளைக்கு முன் பார்க்க வேண்டும். வின்ச்சின் அடித்தட்டில் தண்ணீர் வெளியேறச் சிறு வாய்க்கால்கள் இருக்கும். அடைப்புப் பசை அவற்றை மூடிவிடக்கூடாது. சில வின்ச்சுகளில் அடித்தட்டின் எந்தப் பக்கம் பளுவைப் பார்த்து இருக்க வேண்டும் என்பது அதன் கையேட்டில் இருக்கும். அதைப் படித்துவிட்டுத் திருப்பி வையுங்கள்.

இவ்வளவையும் காகிதத்தில் கணக்குப் போட்டுத் தீர்க்க முடியாது, தேவையும் இல்லை. வின்ச்சின் உயரத்துக்கு ஒரு மரக்கட்டையை வெட்டி, அதன் தலையில் 254 மில்லிமீட்டர் நீளக் குச்சி ஒன்றை ஆணியில் சுழலும்படி பொருத்துங்கள். நினைத்த இடத்தில் அதை ஒட்டுநாடாவால் ஒட்டிவிட்டுக் கப்பியிலிருந்து ஒரு நூலை அதற்கு இழுத்துக் கட்டுங்கள். நூல் எங்கே உரசுகிறது, கீழிருந்து வருகிறதா என்று தெரிந்துவிடும். பிறகு மழைக்கோட்டும் மிதவை உடையும் போட்டுக்கொண்டு, சுக்கானைப் பிடித்து உட்கார்ந்து, குச்சியை முழு வட்டம் சுற்றிப் பாருங்கள். வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள், நிற்கும் இடத்தில் நின்றும் பாருங்கள். படகில் உங்களைவிட உயரம் குறைந்தவர் யாராவது வருவார் என்றால் அவரையும் சுற்றச் சொல்லுங்கள். இடப்புறம் முடிந்ததும் வலப்புறத்துக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யுங்கள். அதற்குப் பிறகு டிரில்லை எடுங்கள்.

பொருத்தி முடித்து, முதல் பலத்த காற்றில் ஓடிவிட்டு வந்ததும், கீழே இறங்கித் தகட்டைச் சுற்றிப் பாருங்கள். நட்டு தளர்ந்திருந்தால் முறுக்குங்கள். ஃபைபரில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் வின்ச்சைக் கழற்றி, இன்னும் பெரிய தகடாகப் போடுங்கள். அதைச் செய்யும்வரை அந்த வின்ச்சில் பளு ஏற்றாதீர்கள்.